ரூட் கேனல் செய்த கடவாப்பல் மறுபடி சீழ் வைக்கிறது: சுத்தம் செய்ததில் குறையா, அடைத்ததில் குறையா?

நெசவாளி_குடியாத்தம்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. கீழ்வரிசையில் இடப்பக்கம் முதல் கடவாப்பல்லுக்கு மூன்று வருடம் முன்பு வேலூரில் ஒரு கிளினிக்கில் ரூட் கேனல் செய்து கேப்பும் போட்டோம். இப்போது அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் கடுகளவு கொப்புளம் ஒன்று வருகிறது. தானாக உடைந்து கொஞ்சம் சீழ் வந்ததும் அமுங்கிவிடும், சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி எழும். பெரிதாக வலி இல்லை, அந்தப் பக்கம் வைத்து மென்றால் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார்.

இரண்டு டாக்டரிடம் காட்டினோம். ஒருவர், "பழைய முறையில் அடைத்திருக்கிறார்கள், அது கசியத்தான் செய்யும். பயோசெராமிக் என்று புதுசு வந்திருக்கிறது, பல்லோடு பல்லாக ஒட்டிக்கொள்ளும், பழசைப் பிரித்துவிட்டு அதைப் போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றார். முதலில் ஆனதைப் போல இரண்டு மடங்கு செலவு சொல்கிறார். இன்னொருவர் அதே எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, "அடைத்தது நன்றாகத்தான் இருக்கிறது, சுத்தம் செய்ததில்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்.

நான் நெட்டில் தேடினால் லேட்டரல், வார்ம், சிங்கிள் கோன் என்று ஆளுக்கு ஒரு பெயர், ஒவ்வொன்றும் மற்றதைவிடக் குறைவாகக் கசியும் என்று ஒரு கிராஃப். தலை சுற்றுகிறது. உண்மையில் இந்தக் கசிவு எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்துவது எது? பல் துறையில் இருப்பவர்கள் யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள். பிடுங்கிவிடலாம் என்று அம்மா ஒரே பிடியாக இருக்கிறார், எனக்கு மனசு வரவில்லை.

சொத்தைப்பல் (பல் மருத்துவர், சத்துவாச்சாரி):

தம்பி, எக்ஸ்ரேவைப் பார்க்காமல் அம்மா பல்லுக்கு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் கசிவு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லலாம், அதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே சரியான கேள்வி கேட்பீர்கள்.

முதலில் அந்த "பல்லோடு பல்லாக ஒட்டும்" விஷயம். வேருக்குள் வைப்பது இரண்டு பொருள். ஒன்று கட்டபெர்ச்சா, நாங்கள் ஜிபி என்போம், ரோஸ் நிறத்தில் மெல்லிய குச்சி, கோன் என்பதும் இந்தக் குச்சியைத்தான். மரப்பாலிலிருந்து வருவது, 1867லேயே பவ்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேருக்குள் அடைத்திருக்கிறார். பெயர்தான் அப்படி, குச்சியில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. இது பல் சுவரில் ஒட்டவே ஒட்டாது. அதற்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கை நிரப்புவது சீலர் என்கிற கூழ். ஜிபி செங்கல் என்றால் சீலர் கலவை. கலவை கனமாகப் போனால் சுருங்கும், கரையும், அதனால் ஜிபி நிறைய, சீலர் ஒரு மெல்லிய படலம், இதுதான் எல்லா முறைக்கும் குறிக்கோள். லேட்டரல் (பக்கவாட்டில் அமுக்குவது), வார்ம் (சூடாக்கி அமுக்குவது), சிங்கிள் கோன் (ஒரே குச்சி) என்று நீங்கள் படித்ததெல்லாம் அந்தக் குறிக்கோளை அடைய ஆளாளுக்குக் கண்டுபிடித்த வழிகள்.

2004 வாக்கில் ரெசிலான் என்று ஒன்று வந்தது. ஜிபிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக், சீலர், பல் சுவர், மூன்றும் ஒரே கட்டியாக ஒட்டிவிடும் என்றார்கள். வேருக்குள் போய் அது சிதைய ஆரம்பித்தது, கடையை விட்டே காணாமல் போனது. அதனால் ஆயுசுக்கும் ஒட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பயோசெராமிக் ஒரு வகை சீலர், நல்ல பொருள்தான், நானும் பயன்படுத்துகிறேன், இறுகும்போது பெரிதாகச் சுருங்காது, சுவரில் இருக்கிற ஈரத்தை எடுத்தே இறுகும், எல்லாம் சரி. ஆனால் அழுக்குச் சுவரில் எதை அப்பினாலும் அழுக்கின் மேல்தான் ஒட்டும்.

அதனால் அடைப்பதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். கீழ்க் கடவாப்பல்லில் பொதுவாக இரண்டு வேர். முன்வேரில் இரண்டு குழாய், இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளவு மாதிரி ஓர் இணைப்பு. பின்வேரில் ஒரு குழாய், அது வட்டமாக இருக்காது, நீள்வட்டம். கால்வாசிப் பேருக்கு மேல் அங்கேயே இன்னொரு குழாயும் இருக்கும். நம் ரோட்டரி ஃபைல், அதாவது மோட்டாரில் சுழன்று குடைகிற மெல்லிய அரம், சுற்றுவது வட்டமாக. நீள்வட்டக் குழாயின் நடுவே வட்டமாகக் குடைந்துவிட்டு வந்தால் இரண்டு ஓரமும் அப்படியே நிற்கும். 2001ல் மைக்ரோ சிடி என்கிற நுண் ஸ்கேனில் வைத்து அளந்து பார்த்தார்கள், எந்தக் கம்பெனி ஃபைலாக இருந்தாலும் உட்சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. அந்த ஓரங்களில் கிருமியும் செத்த நரம்பும் இருக்கும், அதன்மேல் சீலரை ஊற்றி ஜிபியை வைத்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாக அழகாகத் தெரியும். எக்ஸ்ரே ஒரு பக்கப் பார்வைதானே, ஓரம் தெரியாது.

அங்கெல்லாம் போகக்கூடியது ஃபைல் இல்லை, மருந்துத் தண்ணீர். சோடியம் ஹைப்போகுளோரைட், சுருக்கமாக ஹைப்போ. அது செத்த சதையைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும், அளவும் கொடுக்க வேண்டும், ஊசி வேர்நுனிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிட்டே வரை இறங்க வேண்டும். அப்படி இறங்க வேண்டுமென்றால் குழாய் ஓரளவு அகலமாகக் குடையப்பட்டிருக்க வேண்டும். குடைவது முக்கால்வாசி மருந்து போவதற்கு வழி செய்யத்தான், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ரோட்டரி வந்த பிறகு குடைகிற வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதனால் மருந்து உள்ளே நிற்கிற நேரமும் குறைந்துவிட்டது. இது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்.

அப்புறம் ஸ்மியர் லேயர். ஃபைல் தேய்க்கும்போது வருகிற பல் தூளும் சதைத் துணுக்கும் சேர்ந்து சுவரில் பூசினாற்போல் படியும், பல்லில் இருக்கிற நுண்குழல்களின் வாயை மூடிவிடும். ஹைப்போ மட்டும் இதை எடுக்காது. 17 சதவீத ஈடிடிஏ என்கிற கரைசலை ஒரு நிமிஷம் போல விட்டு, பிறகு மறுபடி ஹைப்போ. அப்போதுதான் குழல்வாய் திறந்து சீலர் கொஞ்சம் உள்ளே இறங்கும்.

இன்னொன்று, முன்வேர் வளைந்திருக்கும். விறைப்பான ஸ்டீல் ஃபைலை அவசரமாகத் தள்ளினால் அது வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், வேர்நுனியில் இருக்கிற சின்ன வட்டத் துளையை ஒரு பக்கமாக இழுத்துக் கிழித்து நீளமாக்கிவிடும். அப்படி ஆன துளையில் வட்டமான கோன் உட்காராது, எந்த முறையில் அடைத்தாலும் சரி. நிக்கல் டைட்டானியம் ஃபைல் வந்த பிறகு இந்தப் பிரச்சினை நிறையக் குறைந்திருக்கிறது, ரோட்டரிக்கு நான் கொடுக்கிற பெரிய மார்க் இதுதான்.

குழாயைச் சரியாகக் குடைந்திருக்கிறோமா என்று கைக்கே தெரியும். கோனை உள்ளே விட்டு, அளவில் நின்றதும் இடுக்கியால் லேசாக வெளியே இழுத்தால் ஒரு பிடிப்பு இருக்கும், சட்டென்று வராது. அந்தப் பிடிப்பு கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். மேலே எங்கோ இடித்துக்கொண்டு நின்றாலும் கைக்கு அதே மாதிரிதான் தெரியும், அங்கேதான் ஏமாறுவோம்.

இப்போது என் கேள்வி. ரூட் கேனல் முடிந்த எத்தனை நாள் கழித்துக் கேப் போட்டார்கள்? நடுவில் மேல் சிமெண்ட் ஏதாவது விழுந்ததா?

பிஜி_ரெண்டாம்_வருஷம் (பல் மருத்துவ முதுகலை மாணவர்):

டாக்டர் சார் கிராஃப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மாதிரிக் கிராஃப் எப்படிப் பிறக்கிறது என்று லேபில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பிடுங்கிய பற்களைச் சேகரித்து, மேல்பகுதியை வெட்டி எறிந்து, வேரை மட்டும் எடுத்து ஒரு குழுவுக்கு லேட்டரல், ஒரு குழுவுக்கு வார்ம், ஒரு குழுவுக்கு சிங்கிள் கோன் என்று அடைப்போம். வேர்நுனியில் ரெண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் நெயில் பாலிஷ். ஆமாம், கடையில் விற்கிற அதே நெயில் பாலிஷ்தான், ரெண்டு கோட்டு. காய்ந்ததும் மெத்திலீன் புளூ என்கிற நீலச் சாயத்தில் ஊறப்போட்டு, எடுத்துக் கழுவி, நெடுக்காகப் பிளந்து, நுனியிலிருந்து நீலம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் அளப்போம். இதில் சிக்கல் எங்கே என்றால், உள்ளே ஒரு துளி காற்று மாட்டிக்கொண்டிருந்தால் சாயம் அதைத் தாண்டி ஏறாது, இடைவெளி இருந்தும் கசியவில்லை என்று வரும். வாக்குவம் வைத்துக் காற்றை இழுத்துவிட்டுச் செய்தால் அதே குழு வேறு மாதிரி வரும். பிளக்கும்போது கோடு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கசிவு மட்டும் கண்ணில் படும். மெத்திலீன் புளூ மூலக்கூறு கிருமியைவிட எவ்வளவோ சின்னது, அது போன வழியில் கிருமி போகும் என்று கட்டாயம் இல்லை. சில சிமெண்டுகள் சாயத்தையே வெளுக்க வைத்துவிடும், அது தனிக் கதை.

1993லேயே வூ, வெஸ்ஸலிங்க் என்ற இருவர் இந்தச் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று விரிவாக எழுதிவிட்டார்கள். இந்தத் துறையின் முக்கிய பத்திரிகையான ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் 2007ல் இந்த வகைக் கசிவு ஒப்பீடுகளை இனிமேல் வாங்குவதில்லை என்ற நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகும் நம் ஊரில் தீசிஸ் தலைப்பு கேட்டால் முதலில் வருவது இதுதான், செலவு குறைவு, சீக்கிரம் முடியும்.

அதற்காக எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஸ்மியர் லேயரை எடுத்தால் அடைப்பு இறுக்கமாகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நின்றது. வாயில் செய்த பற்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்து வார்மையும் லேட்டரலையும் ஒப்பிட்டபோது, பல் நிலைப்பதிலோ வலியிலோ பெரிய வித்தியாசம் இல்லை, வார்மில் பொருள் வேர்நுனிக்கு வெளியே தள்ளப்படுவது மட்டும் அதிகம். லேபில் பிரமாதமாக ஜெயித்த முறை வாயில் சமமாக முடிந்தது.

நெசவாளி_குடியாத்தம்:

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி பிஜி. கேப் விஷயம்: ரூட் கேனல் முடிந்ததும் வெள்ளை சிமெண்ட் ஒன்று வைத்து, கேப்புக்கு அளவெடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதற்குள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டது, அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. நடுவில் அந்தச் சிமெண்டில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்ததாக அம்மா இப்போதுதான் சொல்கிறார். பிறகு போனபோது புதுசாக வைத்து அதன்மேல் கேப் போட்டார்கள். உள்ளே எதையும் பிரிக்கவில்லை. இது அவ்வளவு பெரிய விஷயமா? கேப் போட்டு மூடியாகிவிட்டதே?

ஆற்காடு_பெரியவர்:

நான் ஓய்வு பெற்ற பல் மருத்துவன். இந்தச் சிங்கிள் கோன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. ஒரே கோனை விட்டு மிச்சத்தையெல்லாம் சீலரால் நிரப்புவது சோம்பேறி வேலை. லேட்டரலில் ஸ்ப்ரெடர் என்கிற கூரான கருவியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைய நுனி வரை இறக்கி, பக்கவாட்டில் அமுக்கி, உருவி, அந்த இடத்தில் ஒரு துணைக் கோன், மறுபடி அமுக்கி இன்னொரு கோன் என்று ஸ்ப்ரெடர் உள்ளே போக மறுக்கும் வரை வைத்துக்கொண்டே போவோம். நீள்வட்டக் குழாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? எங்கள் காலத்தில் துத்தநாக ஆக்சைடு யூஜினால் சீலர்தான். அக்னி நட்சத்திரத்தில் அதைக் கண்ணாடித் தட்டில் கலந்தால் கோன் வைப்பதற்குள் இறுக ஆரம்பிக்கும், தட்டைக் குளிர வைத்துக் கலப்போம். ஜிபி டப்பாவை வெளியே போட்டு வைத்தால் கோன் நாளாக நாளாக மொறமொறவென்று ஒடியும், அதனால் அது ஃபிரிட்ஜில்தான் இருக்கும். இத்தனை பக்குவம் பார்த்துச் செய்த பல் இன்றைக்கும் ராணிப்பேட்டையில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

சொத்தைப்பல்:

ஐயா, வணக்கம். நீள்வட்டக் குழாய் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். பின்வேரில் சிங்கிள் கோன் வைத்தால் நானும் பக்கத்தில் ஒன்றிரண்டு துணைக் கோன் சேர்த்துத்தான் வைப்பேன், இல்லையென்றால் ஒரு பக்கம் சீலர் குளம் கட்டி நிற்கும். ஆனால் லேட்டரலிலும் கோனுக்கும் கோனுக்கும் நடுவில் சீலர்தானே இருக்கிறது, எல்லாம் உருகி ஒன்றாவதில்லை. யூஜினால் சீலர் வருடக்கணக்கில் கரையவும் செய்யும். 1967ல் ஷில்டர் ஜிபியைச் சூடாக்கி மேலிருந்து அமுக்குகிற முறையைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். சூடு ஆறும்போது ஜிபி ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும், அதனால் ஆறுகிற வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அந்தச் சில நொடிப் பொறுமை இல்லாதவர் கையில் வார்ம் முறையும் கசியும்.

இப்போது தம்பிக்கு. நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள், என்னைக் கேட்டால் இந்த இழையிலேயே முக்கியமான வரி அந்த மூலை பெயர்ந்த சிமெண்ட்தான். எல்லோரும் வேர்நுனிக் கசிவைப் பற்றியே பேசுகிறோம், கசிவு மேலிருந்தும் வரும். ஒழுங்காக அடைத்த வேராக இருந்தாலும் மேல்மூடி இல்லாமல் எச்சில் பட விட்டால் அது நிற்காது. 1987ல் சோதித்தபோது செயற்கை எச்சில் பட்ட மூன்றே நாளில் சாயம் உள்ளே இறங்கியது. சாயத்தைத்தான் நம்ப முடியாதே என்று பிஜி சொல்வார், சரி, 1990ல் கிருமியையே வைத்துப் பார்த்தார்கள், மேலே வைத்த கிருமிகளில் ஒரு வகை 19 நாளிலும் இன்னொரு வகை 42 நாளிலும் பாதிக்கும் மேற்பட்ட வேர்களை நெடுக ஊடுருவி அடியில் வந்திருந்தது. இதுவும் லேப்தான், வாயில் இதே நாள் கணக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 1995ல் ரேயும் ட்ரோப்பும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேர்நுனி ஆரோக்கியமாக இருப்பதற்கு உள் அடைப்பின் தரத்தைவிட மேல் அடைப்பின் தரம் அதிகமாகத் துணை நிற்கிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை, இரண்டும் நன்றாக இருந்தால்தான் பல் நிற்கும் என்று முடித்தன.

தற்காலிகச் சிமெண்ட் மூன்றரை மில்லிமீட்டராவது கனம் இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் இரண்டு மூன்று வாரம்தான் நம்பலாம். இரண்டு மாதம், அதுவும் மூலை பெயர்ந்து என்றால், எச்சில் உள்ளே போயிருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதன்மேல் போட்ட கேப் கிருமியை உள்ளே வைத்து மூடின மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயத்திலேயே உள்ளே பிரித்து மறுபடி அடைத்துவிட்டுக் கேப் போட்டிருக்கலாம்.

பாலாறு_பக்கத்தான்:

நம்ம ஊர் உப்புத் தண்ணிதாங்க காரணம், போர் தண்ணி குடிச்சா எந்தப் பல்லும் நிக்காது. அம்மா சொல்ற மாதிரி பிடுங்கிட்டு இம்பிளான்ட் வைங்க, வேலை முடிஞ்சது.

சொத்தைப்பல்:

தண்ணீரில் ஃப்ளோரைடு மிஞ்சினால், பல் வளர்கிற வயதில் குடித்தவர்களுக்குக் கறை வரும். உள்ளே அடைத்தது கசிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இம்பிளான்ட் நல்ல சிகிச்சைதான், வேர் விரிசல் விட்டிருந்தால் நானே பிடுங்கத்தான் சொல்வேன். ஈறை அளக்கும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவுகோல் சடாரென்று ஆழமாக இறங்கினால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் மறு ரூட் கேனலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

நெசவாளி_குடியாத்தம்:

சரி டாக்டர், பிடுங்குவதை நிறுத்தி வைக்கிறேன். மறுபடி செய்வதென்றால் எந்த டாக்டரிடம் போவது, என்ன கேட்பது?

சொத்தைப்பல்:

ஆள் பெயர் இங்கே சொல்ல மாட்டேன், இந்தத் தளத்தின் விதி அது. பொருளின் பெயரைச் சொல்லி விற்பவரைவிட, ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் பக்கம் நான் சாய்வேன். அந்தப் பல்லுக்கு மட்டும் சின்ன அளவில் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் பின்வேரில் விட்டுப்போன குழாய் இருக்கிறதா, வேர்நுனியில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். ரப்பர் டேம், அதாவது பல்லை மட்டும் வெளியே விட்டு எச்சிலைத் தடுக்கிற ரப்பர் விரிப்பு, போட்டுச் செய்வீர்களா என்று கேளுங்கள். போடாமல் செய்தால் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே எச்சில் உள்ளே போகும், பிறகு எதை வைத்து அடைத்து என்ன பயன். பழைய ஜிபியை முழுக்க எடுத்ததற்கு எக்ஸ்ரே காட்டச் சொல்லுங்கள். கசிந்த பல்லில் ஜிபியை உருவினால் ரோஸ் நிறம் போய்க் கறுத்திருக்கும், ஒரு நாற்றமும் வரும், பக்கத்தில் நின்றால் உங்களுக்கே தெரியும். சீழ் வைத்த பல் என்பதால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை ஒன்றிரண்டு வாரம் உள்ளே விட்டு, கொப்புளம் அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடைப்பது என் பழக்கம். ஒரே தடவையில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அடைக்க பயோசெராமிக்கா, ஏஹெச் பிளஸ் என்கிற ரெசின் சீலரா, வார்மா, லேட்டரலா என்பதைச் செய்கிறவர் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும், பயோசெராமிக் இறுகிய பிறகு பிரிக்க வேண்டி வந்தால் பாடு, அதையும் அவரிடம் கேட்டு வையுங்கள். அடைத்த அன்றைக்கே குழாய் வாய்களின் மேல் ஜிஐசியோ காம்போசிட்டோ (இரண்டும் பல் அடைக்கிற பொருட்கள்) ஒரு படலம் போட்டு, அதன்மேல் நிரந்தர அடைப்பும் வைத்துவிடச் சொல்லுங்கள், கேப் அப்புறம் வரட்டும், ஆனால் இந்தத் தடவை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். பழைய எக்ஸ்ரே, அதாவது மூன்று வருடம் முன்பு அடைத்து முடித்த அன்று எடுத்தது, முதல் கிளினிக்கில் கேட்டால் கொடுப்பார்கள், அதையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.